டிரேடிங் பணமும் ஓய்வுக்காலப் பணமும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஒரு பக்கம் சம்பளமோ தொழில் வருமானமோ வந்துகொண்டிருக்க, மறுபக்கம் பங்கு, ஃபியூச்சர்ஸ் (பின்னொரு தேதிக்கு இன்றே விலை பேசும் ஒப்பந்தம்), ஆப்ஷன் (குறித்த விலைக்கு வாங்கவோ விற்கவோ உரிமை தரும் ஒப்பந்தம்), அந்நியச் செலாவணி, கிரிப்டோ என எதிலாவது டிரேடிங் செய்துகொண்டே ஓய்வுக்காலத்துக்கும் சேர்க்க நினைப்பவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள் இவை. கணக்குகளில் நாணயம் எதையும் குறிப்பிடவில்லை. எந்த நாட்டுப் பணத்தையும் வைத்துப் போட்டுப் பார்க்கலாம். வரி விதிகள் நாட்டுக்கு நாடு மாறுவதால் அவற்றைத் தொடவில்லை.

டிரேடிங்கில் சம்பாதித்தே ஓய்வுக்கால நிதியைச் சேர்த்துவிட முடியுமா?

அப்படித் திட்டம் போடாதீர்கள். முடிந்தவர்கள் இருக்கிறார்கள். ஆனால் அந்தச் சிறு கூட்டத்தில் நீங்கள் ஒருவரா என்பது பல வருடம் கழித்துத்தான் தெரியும். அந்த வருடங்கள்தான் ஓய்வுக்கால நிதி வளர வேண்டிய வருடங்கள்.

கிடைத்திருக்கும் புள்ளிவிவரங்கள் ஒரே திசையைத்தான் காட்டுகின்றன. இந்தியப் பங்குச் சந்தைக் கட்டுப்பாட்டு அமைப்பான செபி 2024 செப்டம்பரில் வெளியிட்ட ஆய்வில், 2022 முதல் 2024 வரையிலான மூன்று நிதியாண்டுகளில் ஃபியூச்சர்ஸ், ஆப்ஷனில் இறங்கிய தனிநபர்களில் 93 சதவீதம் பேர் நஷ்டம் கண்டிருந்தார்கள். ஐரோப்பியச் சந்தைக் கட்டுப்பாட்டு அமைப்பான எஸ்மா 2018-ல் சி.எஃப்.டி. (பொருளை வாங்காமலே அதன் விலை மாற்றத்தின் மேல் மட்டும் போடும் ஒப்பந்தம்) வணிகத்துக்குக் கட்டுப்பாடு கொண்டுவந்தபோது, சில்லறைக் கணக்குகளில் 74 முதல் 89 சதவீதம் வரை நஷ்டத்தில் இருப்பதாகச் சொன்னது. லெவரேஜ் (கடனால் டிரேடின் அளவைப் பெரிதாக்குவது) இல்லாத சாதாரணப் பங்கு வணிகத்திலும் கதை அதேதான். ஆய்வாளர்கள் பிராட் பார்பர், டெரன்ஸ் ஓடியன் இருவரும் ஒரு பெரிய அமெரிக்க புரோக்கரிடம் கணக்கு வைத்திருந்த 66,465 குடும்பங்களின் 1991–1996 கணக்குகளை அலசினார்கள். அடிக்கடி வாங்கி விற்றவர்களுக்கு ஆண்டுக்கு 11.4 சதவீதம் கிடைத்தது. அதே காலத்தில் சந்தை கொடுத்தது 17.9 சதவீதம்.

கடைசிக் கணக்கை இன்னொரு முறை பாருங்கள். அவர்கள் நஷ்டப்படவில்லை, லாபத்தில்தான் இருந்தார்கள். சும்மா விட்டிருந்தால் வந்திருக்கும் பணத்தைத்தான் இழந்தார்கள். அது எந்தக் கணக்கு அறிக்கையிலும் நஷ்டமாகத் தெரியாது.

இத்தனை பேர் தோற்க என்ன காரணம்? சந்தை ஏறும் அல்லது இறங்கும், பாதிக்குப் பாதி வாய்ப்பு இருக்க வேண்டாமா?

செலவு இல்லாவிட்டால் ஏறக்குறைய அப்படித்தான் இருக்கும். ஒரு முறை வாங்கி விற்க தரகு, வரி, வாங்கும் விலைக்கும் விற்கும் விலைக்கும் உள்ள இடைவெளி எல்லாம் சேர்த்து 0.15 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். பார்க்க ஒன்றுமே இல்லாத தொகை. முழு முதலையும் போட்டு தினம் ஒரு டிரேடு, வருடம் 250 நாள் என்றால் 37.5 சதவீதம். அதாவது, போட்ட முதலில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் சம்பாதித்தால்தான் வருடக் கடைசியில் தொடங்கிய இடத்தில் நிற்கலாம். ஐந்து மடங்கு லெவரேஜ் எடுத்தால் செலவும் ஐந்து மடங்கு ஆகிறது, ஏனென்றால் தரகும் வரியும் டிரேடின் முழு மதிப்பின் மேல் வருகின்றன, நீங்கள் போட்ட பணத்தின் மேல் மட்டும் வருவதில்லை.

புரோக்கர் அனுப்பும் மாத அறிக்கையில் 'மொத்தக் கட்டணங்கள்' என்ற வரியை எடுத்து, மாதத் தொடக்கத்தில் இருந்த முதலால் வகுத்துப் பாருங்கள். மாதம் 1 சதவீதத்தைத் தாண்டினால், உத்தி எவ்வளவு நல்லதாக இருந்தாலும் எண்ணிக்கையைக் குறைத்தாக வேண்டும்.

பத்தில் ஆறு டிரேடு லாபம்தான். இருந்தும் கணக்கு கரைகிறதே?

சராசரி லாபம் எவ்வளவு, சராசரி நஷ்டம் எவ்வளவு என்று தனித்தனியாகப் போட்டுப் பாருங்கள். பெரும்பாலும் நஷ்டம் லாபத்தைப் போல இரண்டு மடங்கு இருக்கும். 60 சதவீதம் ஜெயித்து ஒவ்வொன்றிலும் 1 அலகு லாபம், 40 சதவீதம் தோற்று ஒவ்வொன்றிலும் 2 அலகு நஷ்டம் என்றால், ஒரு டிரேடுக்குச் சராசரியாக 0.2 அலகு நஷ்டம். கட்டணம் அதற்கு மேல்.

லாபத்தில் இருப்பதை அவசரமாக விற்பதும் நஷ்டத்தில் இருப்பதை 'திரும்பி வரும்' என்று வைத்திருப்பதும் மனித இயல்பு. ஆய்வாளர்கள் ஹெர்ஷ் ஷெஃப்ரின், மேயர் ஸ்டேட்மேன் இருவரும் 1985-லேயே இதை ஒரு தனி நடத்தையாக எழுதிவைத்தார்கள். வெற்றி விகிதம் மனதுக்கு இதமான எண். அதை மட்டும் பார்ப்பவர் கணக்கு ஏன் குறைகிறது என்று கடைசிவரை கண்டுபிடிக்க மாட்டார்.

ஒரு டிரேடில் எவ்வளவு பணத்தைப் பணயம் வைக்கலாம்?

டிரேடிங் கணக்கில் உள்ள முதலில் 1 சதவீதம். அனுபவம் இல்லாதவர் 0.5 சதவீதம். இங்கே பணயம் என்பது வாங்கும் தொகை இல்லை, ஸ்டாப் (நஷ்டம் இதோடு போதும் என்று விற்று வெளியேற முன்பே குறிக்கும் விலை) அடித்தால் போகும் தொகை. இந்த இரண்டையும் குழப்பிக்கொள்வதால் வரும் சேதம் மிக அதிகம் என்பதால் படிப்படியாகவே சொல்கிறோம்.

கணக்கில் உள்ள முதல் 1,00,000 என்றால் பணயம் 1,000. ஒரு பங்கை 250-க்கு வாங்குகிறீர்கள், கணிப்பு தப்பு என்று ஒப்புக்கொள்ளும் விலை 240. பங்குக்கு 10 போகும். 1,000-ஐ 10-ஆல் வகுத்தால் 100 பங்குகள். போடும் தொகை 25,000. ஸ்டாப்பை 245-ல் வைத்தால் 200 பங்குகள், போடும் தொகை 50,000. முதலில் ஸ்டாப், பிறகு எண்ணிக்கை என்ற வரிசை மாறக் கூடாது. '200 பங்கு வாங்க வேண்டும்' என்று முடிவு செய்துவிட்டு அதற்கு ஏற்ற மாதிரி ஸ்டாப்பை நெருக்கி வைத்தால், சாதாரண ஏற்ற இறக்கத்திலேயே அடிபட்டு வெளியே வருவீர்கள். ஸ்டாப் விற்பனை நினைத்த விலைக்குச் சற்றுக் கீழேதான் நடக்கும் என்பதால் 10-க்குப் பதில் 11 என்று வைத்துக் கணக்குப் போடுவது நல்லது. அப்போது 90 பங்குகள்.

ஃபியூச்சர்ஸில் ஒரு லாட்டுக்குக் (சந்தை நிர்ணயித்த குறைந்தபட்ச அளவு) குறைவாக வாங்க முடியாது. ஒரே லாட்டின் ஸ்டாப் நஷ்டம் உங்கள் 1 சதவீதத்தைத் தாண்டினால், அந்தச் சந்தை உங்கள் முதலுக்குப் பெரியது. அங்கே போகாதீர்கள். ஒரே துறையைச் சேர்ந்த ஐந்து பங்குகளை வாங்கிவிட்டு ஐந்து தனி டிரேடு என்று எண்ணுவதும் தவறு. விழும் நாளில் ஐந்தும் சேர்ந்துதான் விழும். ஒரே நேரத்தில் திறந்திருக்கும் எல்லா டிரேடுகளின் பணயமும் சேர்ந்து 5 சதவீதத்துக்குள் இருக்கட்டும்.

1 சதவீதம் மிகக் கஞ்சத்தனமாகத் தெரியலாம். வெற்றி, தோல்விக்குச் சம வாய்ப்புள்ள ஓர் உத்தியில் 100 டிரேடு செய்தால், எங்காவது ஓரிடத்தில் ஆறு அல்லது அதற்கு மேற்பட்ட தோல்விகள் தொடர்ந்து வர ஏறக்குறைய 55 சதவீத வாய்ப்பு இருக்கிறது. ஏழு வர 32 சதவீதம். டிரேடுக்கு 10 சதவீதம் பணயம் வைப்பவர் ஆறு தொடர் தோல்வியில் தன் முதலில் 47 சதவீதத்தை இழப்பார். மீள 88 சதவீத லாபம் வேண்டும். 1 சதவீதம் வைப்பவர் 6 சதவீதத்தோடு தப்பிப்பார், மறுநாள் அதே உத்தியை அதே நிதானத்தோடு தொடர்வார்.

ஸ்டாப் லாஸ் போட்டுவிட்டால் நஷ்டம் அதற்கு மேல் போகாது, சரிதானே?

சந்தை திறந்திருந்து, விலை படிப்படியாக இறங்கினால் சரி. விலை தாவினால் ஸ்டாப் உங்களைக் காப்பாற்றாது. 2015 ஜனவரி 15 அன்று சுவிஸ் மத்திய வங்கி, ஒரு யூரோவுக்கு 1.20 ஃபிராங்க் என்று வைத்திருந்த வரம்பை முன்னறிவிப்பின்றிக் கைவிட்டது. நிமிடங்களில் யூரோ 1 ஃபிராங்குக்கும் கீழே போனது. இடைப்பட்ட விலைகளில் வாங்க ஆளே இல்லை. 1.19-ல் ஸ்டாப் போட்டிருந்தவர்களுக்கு அதற்கு வெகு கீழே விற்பனை நடந்து, கணக்கு பூஜ்யத்துக்கும் கீழே போய் புரோக்கருக்குக் கடன்பட்டார்கள். 2020 ஏப்ரல் 20 அன்று அமெரிக்கக் கச்சா எண்ணெயின் மே மாத ஃபியூச்சர்ஸ் மைனஸ் 37.63 டாலரில் முடிந்தது. பூஜ்யத்துக்குக் கீழே போகாது என்று நம்பி வாங்கியவர்களுக்கு அதுவும் பொய்த்தது.

இரண்டு வகை ஸ்டாப்புக்கும் உள்ள வேறுபாடும் தெரிந்திருக்க வேண்டும். ஸ்டாப்-மார்க்கெட் ஆர்டர் வாங்க ஆள் இருக்கும்வரை விற்கும், எந்த விலையில் என்பது உறுதியில்லை. ஸ்டாப்-லிமிட் ஆர்டர் விலையை உறுதி செய்யும், விற்குமா என்பது உறுதியில்லை. வேகமாக விழும் சந்தையில் ஸ்டாப்-லிமிட் போட்டவர் விற்காமலே மாட்டிக்கொள்வார். வெளியேறுவதற்கு மார்க்கெட் ஆர்டர்தான் பொருத்தம். தாவலிலிருந்து உண்மையான பாதுகாப்பு, போடும் தொகையே சிறிதாக இருப்பதுதான். இரவிலும் விடுமுறையிலும் வைத்திருக்கும் டிரேடுகளுக்கு 'நாளை 20 சதவீதம் கீழே திறந்தால் என்ன ஆகும்?' என்று தனியாக ஒரு கணக்குப் போடுங்கள்.

லெவரேஜ் எவ்வளவு எடுக்கலாம்?

பத்து மடங்கு எடுத்தால் 10 சதவீத இறக்கம் முதலை முழுதாகத் துடைக்கும். புரோக்கர் அதற்கு முன்பே மார்ஜின் (கூடுதல் பிணையப் பணம்) கேட்பார், கொடுக்காவிட்டால் அவரே விற்றுவிடுவார். உங்கள் கணிப்பு பிறகு சரியாகப் போகலாம், ஆனால் அதைப் பார்க்க நீங்கள் சந்தையில் இருக்க மாட்டீர்கள். லாங் டேர்ம் கேபிடல் மேனேஜ்மென்ட் என்ற அமெரிக்க முதலீட்டு நிறுவனத்தில் பொருளாதார நோபல் பெற்ற மைரன் ஷோல்ஸ், ராபர்ட் மெர்டன் இருவருமே பங்குதாரர்கள். 1998-ல் ரஷ்யா கடனைத் திருப்பித் தர முடியாது என்று அறிவித்தபின், அந்த நிறுவனத்தை 14 வங்கிகளும் நிதி நிறுவனங்களும் சேர்ந்து ஏறக்குறைய 3.6 பில்லியன் டாலர் போட்டுத் தூக்கி நிறுத்த வேண்டியதாயிற்று. அறிவுக் குறைவு அங்கே காரணம் இல்லை. கடன் அளவுதான் காரணம்.

மேலே சொன்ன 1 சதவீத விதியோடு, போடும் மொத்தத் தொகை முதலின் இரண்டு மடங்கைத் தாண்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள். வீட்டுக் கடன், தனிநபர் கடன், நகைக் கடன் எடுத்து டிரேடிங் செய்யவே கூடாது. இதில் விதிவிலக்கு எதையும் நாங்கள் ஏற்பதில்லை.

ஆப்ஷன் வாங்கினால் நஷ்டம் அதற்குக் கொடுத்த விலையான பிரீமியத்தோடு நின்றுவிடுமே, பாதுகாப்பானதுதானே?

ஒரு டிரேடைப் பொறுத்தவரை ஆமாம். ஐம்பது டிரேடு சேர்ந்தால் அப்படி இல்லை. சந்தை விலைக்குச் சமமான விலையில் உள்ள ஆப்ஷனின் மதிப்பு, மற்றவை மாறாமல் இருந்தால், மிச்சமுள்ள நாட்களின் வர்க்கமூலத்தை ஒட்டிக் குறைகிறது. 30 நாள் மிச்சமிருக்கும்போது 100 என்றால் 15 நாளில் சுமார் 71, ஏழரை நாளில் 50, ஆப்ஷன் காலாவதியாகும் எக்ஸ்பைரி அன்று பூஜ்யம். கடைசி வாரத்தில்தான் வேகமாகக் கரைகிறது. விலை மலிவாக இருப்பதால் புதியவர்கள் வாங்குவதும் அந்தக் கடைசி வாரத்தில்தான். திசை சரியாக இருந்தாலும் போதாது, வேகமும் சரியாக இருக்க வேண்டும்.

விற்பவருக்கு இதற்கு நேர் எதிர்ப் பிரச்சினை. பல மாதம் சிறு லாபம், பிறகு ஒரே நாளில் எல்லாம் போகும். 2018 பிப்ரவரி 5 அன்று அமெரிக்காவின் ஏற்ற இறக்கக் குறியீடான விக்ஸ் ஒரே நாளில் 17-லிருந்து 37-க்குத் தாவியது. ஏற்ற இறக்கம் குறையும் என்று பந்தயம் கட்டிய முதலீட்டுத் திட்டம் ஒன்று தன் மதிப்பில் 90 சதவீதத்துக்கு மேல் இழந்து மூடப்பட்டது. அதற்கு முந்தைய வருடம் அது பிரமாதமான லாபம் காட்டிக்கொண்டிருந்தது. விற்றே தீருவேன் என்றால், தொலைவில் இன்னொரு ஆப்ஷனை வாங்கி அதிகபட்ச நஷ்டத்துக்கு ஒரு வரம்பு கட்டிவிட்டு விற்கவும்.

விலை இறங்க இறங்க வாங்கி, வாங்கிய சராசரி விலையைக் குறைக்கலாமா?

முழுச் சந்தையையும் வைத்திருக்கும் இண்டெக்ஸ் ஃபண்டில், மாதாமாதம் போடும் பணத்தில், செய்யலாம். தனிப் பங்கிலும் லெவரேஜ் டிரேடிலும் கூடாது. தனி நிறுவனம் பூஜ்யத்துக்குப் போக முடியும், லெவரேஜ் டிரேடில் காத்திருக்கும் அவகாசம் கிடையாது.

இழந்த பணத்தை டிரேடிங்கிலேயே மீட்க வேண்டும் என்று தோன்றுகிறது.

கணக்கு உங்களுக்கு எதிராக இருக்கிறது. 20 சதவீதம் இழந்தால் மீள 25 சதவீத லாபம் போதும். 50 இழந்தால் 100 சதவீதம், 80 இழந்தால் 400 சதவீதம், 90 இழந்தால் 900 சதவீதம். குழி ஆழமாக ஆக, சீக்கிரம் மீள வேண்டுமானால் பெரிய பணயம் வேண்டும், பெரிய பணயம் குழியை மேலும் ஆழமாக்கும்.

போன பணத்தை எங்கே போனதோ அங்கேயே எடுக்க வேண்டும் என்று ஒரு கட்டாயமும் இல்லை. அடுத்த மாதச் சம்பளத்தில் கூடுதலாகச் சேமிக்கும் தொகையும் அதே மதிப்புள்ள பணம்தான், அதில் நிச்சயமும் இருக்கிறது. ஒரு மாதத்தில் கணக்கின் முதலில் 6 சதவீதம் இழந்தால் அந்த மாதம் முழுக்க நிறுத்துவது என்று முன்கூட்டியே எழுதிவையுங்கள். இழந்த பிறகு அந்த விதியை உருவாக்க முடியாது.

டிரேடிங்குக்கு எவ்வளவு ஒதுக்குவது? எப்படிப் பிரித்து வைப்பது?

முதலீடு செய்யக்கூடிய மொத்தப் பணத்தில் 5 சதவீதம். முழுதாகப் போனாலும் ஓய்வுபெறும் தேதி மாறாத தொகை என்பதுதான் இதன் பொருள்.

பிரிப்பது மனதளவில் இருந்தால் வேலைக்கு ஆகாது. வேறு புரோக்கர், வேறு வங்கிக் கணக்கு, முடிந்தால் போனில் ஓய்வுக்கால முதலீட்டுச் செயலியே வேண்டாம். இண்டெக்ஸ் ஃபண்டு யூனிட்டுகளை அடகு வைத்து மார்ஜின் பெறும் வசதியைச் சில புரோக்கர்கள் தருகிறார்கள். அதைத் தொட்டால், பிரித்து வைத்த இரண்டு பணமும் ஒரே பணமாகிவிடும். மார்ஜின் போதாத நாள் சந்தை விழுந்த நாளாகத்தான் இருக்கும், ஓய்வுக்கால யூனிட்டுகளும் அன்றுதான் அடிமாட்டு விலைக்குப் போகும்.

பணம் போகும் வரிசை இப்படி இருக்கட்டும்: முதலில் அதிக வட்டிக் கடன்கள், அடுத்து ஆறு மாதச் செலவுக்கான அவசர நிதி, அதன்பின் சம்பளம் வந்த மறுநாளே தானாகக் கழியும் ஓய்வுக்காலத் தொகை. இவற்றுக்குப் பிறகு மிஞ்சினால் டிரேடிங். டிரேடிங் கணக்கு பாதியாகக் குறைந்தால் ஆறு மாதம் நிறுத்தம், இடையில் நிரப்பக் கூடாது. தொடங்கிய தொகையைப் போல இரு மடங்கானால் லாபத்தில் பாதியை எடுத்து ஓய்வுக்கால நிதியில் சேர்த்துவிடுங்கள். இந்த வழி ஒரு திசையில் மட்டும் திறக்க வேண்டும்.

டிரேடிங் குறிப்பேட்டில் என்ன எழுத வேண்டும்?

வாங்குவதற்கு முன்பு: தேதி, எதை வாங்குகிறோம், திட்டமிட்ட விலை, ஸ்டாப், எண்ணிக்கை, ஒரே வாக்கியத்தில் காரணம். முடித்த பிறகு: கிடைத்த விலை, விற்ற விலை, கட்டணம், விதியைப் பின்பற்றினோமா இல்லையா. கடைசியாக, லாபத்தையோ நஷ்டத்தையோ பணயத் தொகையால் வகுத்து வரும் எண். 1,000 பணயம் வைத்து 1,500 கிடைத்தால் 1.5, ஸ்டாப் அடித்தால் மைனஸ் 1. டிரேடர்கள் இதை 'ஆர்' என்பார்கள்.

100 டிரேடு ஆனதும் ஆர்-களின் சராசரியைப் பாருங்கள். தனித்தனி டிரேடுகளின் சிதறல் (திட்ட விலக்கம்) 1.5 ஆர் அளவில் இருந்தால், 100 டிரேடின் சராசரியில் 0.3 ஆர் வரை இரு பக்கமும் வெறும் தற்செயலாக இருக்கலாம். ஆகவே 0.1 ஆர் சராசரி வந்தால் திறமை நிரூபணமாகிவிட்டது என்று வேலையை விட்டுவிடாதீர்கள். விதியை மீறிய டிரேடுகளின் மொத்தத்தைத் தனியாகக் கூட்டிப் பாருங்கள். பலருக்கும் மொத்த நஷ்டத்தின் பெரும்பகுதி அந்த டிரேடுகளில்தான் இருக்கும். அதே பணம் அதே காலத்தில் இண்டெக்ஸ் ஃபண்டில் இருந்திருந்தால் எவ்வளவு ஆகியிருக்கும் என்ற வரியையும் கடைசியில் சேருங்கள்.

ஓய்வுக்கு எவ்வளவு சேர்க்க வேண்டும்?

இன்றைய மாதச் செலவை 300-ஆல் பெருக்குங்கள். ஓய்வூதியம் ஏதாவது வரும் என்றால் அதைச் செலவிலிருந்து கழித்துவிட்டுப் பெருக்குங்கள். இந்த 300 எங்கிருந்து வருகிறது என்றால், நிதி ஆலோசகர் வில்லியம் பெங்கன் 1994-ல் அமெரிக்கச் சந்தை வரலாற்றை வைத்துச் செய்த ஆய்விலிருந்து. முதல் வருடம் நிதியில் 4 சதவீதம் எடுத்து, பிறகு பணவீக்கத்துக்கு ஏற்பக் கூட்டிக்கொண்டு போனால், பங்கும் கடன் பத்திரமும் கலந்த நிதி 30 வருடம் தாங்கியது என்று அவர் காட்டினார். 4 சதவீதம் என்றால் 25 வருடச் செலவு, அதாவது 300 மாதம். ஆனால் அது ஒரே நாட்டின் வரலாறு. 45 வயதிலேயே ஓய்வுபெற நினைப்பவருக்கு 30 வருடம் போதாது. 3 சதவீதம் என்று வைத்து 400-ஆல் பெருக்குவது நல்லது.

அந்த 300 மாதச் செலவைச் சேர்க்க மாதம் எவ்வளவு? பணவீக்கம் போக ஆண்டுக்கு 3 சதவீதம் வளர்ச்சி என்று வைத்துக்கொண்டால், 30 வருடம் இருப்பவர் மாதச் செலவில் ஏறக்குறைய பாதிக்குச் சமமான தொகையை மாதாமாதம் சேமிக்க வேண்டும். 20 வருடம்தான் இருக்கிறது என்றால் செலவில் 91 சதவீதத்துக்குச் சமமான தொகை. 10 வருடம் என்றால் இரண்டு மடங்குக்கும் மேல். தொகையை வருடாவருடம் பணவீக்கத்துக்கு ஏற்பக் கூட்டிக்கொண்டே போக வேண்டும். ஐந்து வருடம் டிரேடிங்கில் எல்லாவற்றையும் போட்டுப் பார்க்கலாம் என்பவர்கள் இந்த மூன்று எண்களையும் அருகருகே வைத்துப் பார்க்க வேண்டும்.

எதில் போடுவது?

பரவலான இண்டெக்ஸ் ஃபண்டும், தரமான கடன் பத்திரம் அல்லது வைப்பும். அவ்வளவுதான். ஓய்வுக்கு 15 வருடத்துக்கு மேல் இருந்தால் பங்கு 60 முதல் 80 சதவீதம். திட்டமிட்ட விகிதத்திலிருந்து 5 சதவீதப் புள்ளி விலகினால் சரிசெய்யுங்கள். விற்பதற்கு முன், புதிதாகப் போடும் பணத்தைக் குறைந்த பக்கம் திருப்பினாலே பெரும்பாலும் சரியாகிவிடும்.

ஃபண்டின் ஆண்டுக் கட்டணத்தைக் கட்டாயம் பாருங்கள். 30 வருடம் 7 சதவீதம் வளர்ந்தால் 1 என்பது 7.61 ஆகும். கட்டணம் 1 சதவீதம் தின்று 6 ஆனால் 5.74 மட்டுமே. கடைசித் தொகையில் கால்வாசி போய்விட்டது.

வேலை பார்க்கும் நிறுவனத்தின் பங்கில் ஓய்வுக்கால நிதியைக் குவிக்காதீர்கள். அமெரிக்க எரிசக்தி நிறுவனமான என்ரானின் ஊழியர்களின் ஓய்வுக்காலக் கணக்குகளில் பாதிக்கும் மேற்பட்ட பணம் என்ரான் பங்கில் இருந்தது. 2001 டிசம்பரில் நிறுவனம் திவாலானபோது வேலையும் சேமிப்பும் ஒன்றாகப் போயின.

சந்தை சரிந்து பல வருடம் எழாமலே போனால்?

நடந்திருக்கிறது. அமெரிக்கப் பங்குக் குறியீடான டவ் ஜோன்ஸ் 1929 செப்டம்பரில் 381-ல் இருந்து 1932 ஜூலையில் 41-க்கு விழுந்தது. பழைய விலையைத் தொட 1954 நவம்பர் ஆனது, டிவிடெண்டுகளைக் கணக்கில் சேர்த்தால் அதற்கு முன்பே. ஜப்பானின் நிக்கேய் குறியீடு 1989 டிசம்பரில் தொட்ட உச்சத்தை 2024 பிப்ரவரியில்தான் தாண்டியது. 2007 அக்டோபரிலிருந்து 2009 மார்ச்சுக்குள் இன்னொரு அமெரிக்கக் குறியீடான எஸ் அண்ட் பி 500 ஏறக்குறைய 57 சதவீதம் இழந்து, 2013-ல் பழைய இடத்துக்கு வந்தது.

ஒரே நாட்டில் முழுப் பணத்தையும் வைக்காதிருக்கவும், கடன் பத்திரம் ஒரு பங்கு வைத்திருக்கவும் இவை போதுமான காரணம். உச்சத்தில் மொத்தமாகப் போட்டவர் நிலைமை வேறு, முப்பது வருடம் மாதாமாதம் போடுபவர் நிலைமை வேறு. பின்னவருக்கு விழுந்த வருடங்களில் அதே பணத்துக்கு அதிக யூனிட் கிடைக்கிறது.

ஓய்வை ஒட்டிய வருடங்களில் மட்டும் இது நேர்மாறாகும். 100 இருக்கிறது, ஒவ்வொரு வருடத் தொடக்கத்திலும் 5 எடுக்கிறீர்கள். வருமானம் மைனஸ் 30, பிளஸ் 10, பிளஸ் 40 என்ற வரிசையில் வந்தால் மூன்று வருட முடிவில் 87.7 இருக்கும். அதே மூன்று எண்கள் தலைகீழாக வந்தால் 95.1. எதுவும் எடுக்காமல் இருந்திருந்தால் இரண்டிலும் 107.8. ஓய்வுபெறும் நாளில் இரண்டு மூன்று வருடச் செலவு வைப்பிலோ குறுகிய காலப் பத்திரத்திலோ இருந்தால், விழுந்த வருடத்தில் பங்கை விற்க வேண்டியிருக்காது.

45 வயது. ஓய்வுக்காலச் சேமிப்பை டிரேடிங்கில் இழந்துவிட்டேன். இனி என்ன செய்வது?

மீள வழி இருக்கிறது, கணக்காகவே பார்ப்போம். மாதச் செலவு 1 என்று வைத்துக்கொள்ளுங்கள். 65-ல் ஓய்வு, ஓய்வூதியம் செலவில் 0.4 கிடைக்கும் என்றால் தேவை 0.6 பெருக்கல் 300, அதாவது 180. மேலே சொன்ன 3 சதவீத வளர்ச்சியில் 20 வருடம் மாதம் 0.55 சேமிக்க வேண்டும். செலவை 10 சதவீதம் குறைத்தால் தேவை 150 ஆகிறது, மாதச் சேமிப்பு 0.46. குறைத்த 0.1 சேமிப்புக்கும் வந்துவிடுவதால் செலவுக் குறைப்பு இரண்டு பக்கமும் உதவுகிறது. இன்னும் இரண்டு வருடம் கூடுதலாக வேலை செய்து 67-ல் ஓய்வுபெற்றால் 0.40 போதும். எந்த டிரேடும் இல்லாமல் 0.55 என்பது 0.40 ஆகிவிட்டது.

செய்ய வேண்டியவை: திறந்திருக்கும் டிரேடுகளை மூடுங்கள். கடன்களை வட்டி விகித வரிசையில் ஒரு தாளில் எழுதுங்கள். வாழ்க்கைத்துணையிடம் முழுத் தொகையையும் சொல்லுங்கள், பாதியைச் சொல்லாதீர்கள், மீதி தெரியவரும்போது முதல் பாதியையும் நம்ப மாட்டார்கள். பிறகு மேலே உள்ள கணக்கை உங்கள் எண்களோடு இருவரும் சேர்ந்து போடுங்கள். 'பணத்தை மீட்டுத் தருகிறோம்' என்று அழைப்பவர்கள் இந்தச் சமயத்தில்தான் வருவார்கள். முன்பணம் கேட்பவர் யாராக இருந்தாலும் மோசடி என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

நிறுத்த வேண்டும் என்று தெரிகிறது, நிறுத்த முடியவில்லை.

நஷ்டத்தை மறைப்பது, கடன் வாங்கி டிரேடு செய்வது, இரவில் விலை பார்க்க எழுவது, சந்தை மூடியிருக்கும் நாளில் எரிச்சல் வருவது ஆகியவை சூதாட்டப் பழக்கத்தின் அறிகுறிகளும்கூட. மன உறுதி குறைவு என்று உங்களையே திட்டிக்கொள்வதால் இது மாறாது. சூதாட்டப் பழக்கத்துக்கு மனநல மருத்துவர்களிடமும் ஆலோசகர்களிடமும் சிகிச்சை இருக்கிறது, அங்கே தயங்காமல் டிரேடிங் என்று சொல்லியே கேட்கலாம்.

அதுவரை டிரேடிங்குக்குப் போகும் வழியை அடைத்துவிடுங்கள். புரோக்கருக்கு எழுதி ஃபியூச்சர்ஸ், ஆப்ஷன் அனுமதியை நீக்கச் சொல்லுங்கள். டிரேடிங் கணக்கோடு இணைந்த வங்கிக் கணக்கில் பணம் வைக்காதீர்கள். சம்பளக் கணக்கிலிருந்து பெரிய தொகை வெளியே போக இன்னொருவர் கையெழுத்தும் தேவைப்படும்படி மாற்றுங்கள். டிப்ஸ் குழுக்களிலிருந்து வெளியேறி, கணக்கை மூடும் படிவத்தை இன்றே கொடுங்கள். உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் வந்தால் இவை எல்லாம் பிறகு. முதலில் நம்பிக்கையான ஒருவரைத் தொலைபேசியில் அழையுங்கள் அல்லது அருகிலுள்ள மருத்துவமனைக்குப் போங்கள்.